அடியில் கீறிய எழுத்து

அன்புள்ள அப்பாவுக்கு வேல்விழி வணக்கம் சொல்லி எழுதுறது. உங்க இருமல் நின்னுச்சா? அம்மா முழங்கால் எப்படி இருக்குது? போன்ல பேசினா என் குரல்லயே கண்டுபிடிச்சிடுவீங்க, அதான் கடிதம்.

என் காலேஜும் இந்த ஜெர்மனி யூனிவர்சிட்டியும் சேர்ந்து நடத்துற பீங்கான் ஆராய்ச்சிக்கு மூணு வருஷம் முடிஞ்சுதுன்னு போன வாரம் விழா வெச்சாங்க. என்னைப் புடவை கட்டி விளக்கேத்தச் சொன்னாங்க. அறிக்கை அட்டையில பெருசா என் படம். உள்ளே ஆராய்ச்சி செஞ்சவங்க பட்டியல்ல என் பேரு இல்ல. விழாவுக்கு வந்திருந்த நம்ம காலேஜ் சாரைக் கேட்டேன். "மண்ணு கொண்டாந்ததுக்கு நன்றின்னு போட்டிருக்கோமேம்மா"ன்னாரு. நீங்க குடுத்தனுப்பின அந்த மண்ணைப் பிசைஞ்சு, சோதனைக்கான நூத்திப்பத்து வில்லையும் சுட்டது நான்.

கவலைப்படாதீங்க. பொதுச் சூளையில நம்ம பொம்மை அடுத்தவங்களதோட கலந்துடக் கூடாதுன்னு நீங்க அடியில 'வே'ன்னு கீறுவீங்களே, அதையே நானும் ஒவ்வொரு வில்லைக்கும் அடியில கீறித்தான் சுட்டேன். எல்லாம் இப்ப கண்ணாடி அலமாரியில இருக்குது. இங்க யாரும் கவுத்துப் பாக்க மாட்டாங்க.

பருப்புப்பொடி தீர்ந்துபோச்சு, அனுப்புங்க. தடிமனா ரெண்டு சாக்ஸும் வைங்க. இன்னும் பத்து கிலோ மண்ணு வேணும்னு சார் உங்ககிட்ட வருவாரு. டீ குடுத்து அனுப்பிடுங்க, மண்ணு குடுக்காதீங்க.

லேப்பைப் பூட்டுறாங்க.

வேல்விழி