போணி ஆகாத தெரு

மார்ச் 3

மெர்சினிலிருந்து அதிகாலைப் பஸ். நிலநடுக்கத்துக்குப் பிறகு, நாலு வருஷம் கழித்து, இன்றுதான் சொந்த ஊர் அந்தாக்யாவில் கால் வைக்கிறேன். இடிந்த கடைத்தெருவைத் திரும்பக் கட்டிவிட்டார்களாம். என் கடைச் சாவியை வாங்க வேண்டும். கடையைக் காப்பிக் கம்பெனிக்கு வாடகைக்கு விட வேண்டும். அடுத்த பஸ்ஸில் திரும்ப வேண்டும். மெர்சினில் நான் போட்ட கடையில் மிளகாய் விழுதும் பாலாடைக்கட்டியும் நன்றாகவே போகின்றன. அழுவதற்கு எனக்கு நேரமில்லை.

மார்ச் 4

நகராட்சி அலுவலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் புதுத் தெருவின் மாதிரி. தீக்குச்சி அளவில் மனிதர்கள் உலாவுகிறார்கள். ஒருவர் கையிலும் பை இல்லை! வாங்க வராதவர்களுக்கா தெரு கட்டினார்கள்?

"உங்க கடை இங்க இருந்ததுக்கு ஆதாரம் இருக்கா சார்?" என்றாள் அதிகாரி.

"இருபத்தாறு வருஷமா வரி வாங்கினது யாரும்மா?"

"அந்த ரிக்கார்டெல்லாம் இடிபாட்டுல போயிடுச்சு. போட்டோ இருந்தா காட்டுங்க."

எவன் தன் கடையைத் தானே படம் எடுப்பான்? அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு கை போனை நீட்டியது. எதிர்க்கடை லமியா அக்கா. பிரிஞ்சி இலை மரத்து எண்ணெயில் செய்த சோப்பு விற்பவள். படத்தில் அவள் சோப்புக் கோபுரம். பின்னால் என் கடை. வாசலில் வாயைப் பிளந்து கூவியபடி நான்.

"இது நீங்கதானா?"

"அந்த வாய் ஊர்ல வேற யாருக்கும்மா இருக்கு?" என்றாள் லமியா அக்கா.

அவள் கணவர் எடுத்த படம். அவர் இப்போது இல்லை. அவள் மட்டும் ஊரை விடாமல் தகரப் பெட்டிக் கடையில் நாலு வருஷம் சோப்பு விற்றிருக்கிறாள்.

மார்ச் 5

தெருவைப் பார்த்தேன். புதுச் சுவரில் இரண்டு பேர் பிரஷ்ஷால் டீ நிறத்தில் எதையோ பூசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னப்பா செய்யறீங்க?"

"கல்லுக்கு வயசு ஏத்தறோம் அண்ணே."

"எனக்குக் கொஞ்சம் இறக்குவீங்களா?"

எல்லாக் கடைக்கும் ஒரே பழுப்புப் பலகை, ஒரே எழுத்து. சரக்கை வாசலுக்கு வெளியே வைக்கக் கூடாதாம். கடை ஒதுக்கும் குலுக்கலில் லமியா அக்காவுக்கு என் பக்கத்துக் கடை. அதிலும் தப்பிக்க முடியவில்லை.

காப்பிக் கம்பெனி ஆள் தோல்கா ஒப்பந்தத்தோடு வந்தான். தாள் நல்ல கனம். "உங்க பேர்லயே ஒரு காப்பி போடறோம் அண்ணே, மித்ஹத் ஸ்பெஷல்!" தாளை வாங்கி வைத்துக்கொண்டு, திறப்பு விழா அன்று கையெழுத்துப் போடுவதாகச் சொல்லி அனுப்பினேன்.

லமியா அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். "என் கடையையும் சேர்த்துத்தான் கேக்கறான். பக்கத்துல காப்பி மெஷினை வச்சுக்கிட்டு நான் யாரோட சண்டை போடறது? நீ போட்டா நானும் போட்டுடுவேன் தம்பி."

மார்ச் 6

என்மேல் ஏன் சுமத்துகிறாள்? கையெழுத்துப் போடத்தான் போகிறேன்.

மார்ச் 8

தூக்கமில்லை. உள்ளதை எழுதிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒரு வழக்கம்: என் போணி முடிந்து, பக்கத்துக் கடைக்கு இன்னும் ஆகவில்லை என்றால், அடுத்த ஆளை அங்கே அனுப்ப வேண்டும். நான் அனுப்பியதே இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கும் வருகிறவர்களிடம் "இன்னும் போணி ஆகலம்மா" என்று முகத்தைத் தொங்கப் போடுவேன். அப்படித்தான் முன்னேறினேன்.

மார்ச் 9

திறப்பு விழா. ரிப்பன் வெட்டுவது இது மூன்றாம் தடவையாம். மாதிரிக்கு ஒன்று, அஸ்திவாரத்துக்கு ஒன்று. பெரியவர்கள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தெரு காலி.

வெறுங்கடையைக் கைமாற்றக் கூடாதென்று, மெர்சினிலிருந்து கொண்டுவந்த ஆறு மிளகாய் விழுது ஜாடிகளை அடுக்கியிருந்தேன். கல்லுக்கு வயசு ஏற்றியவன் ஒன்று வாங்கினான். போணி.

பத்து மணிக்கு ஒரு கிழவி. கையில் பை!

"ஜெர்மனியில இருக்கற மகளுக்கு நம்ம ஊர் சாமான் ஏதாவது குடுப்பா."

வாய் திறந்தேன். வந்ததோ வேறு: "எனக்கு போணி ஆயிடுச்சும்மா. பக்கத்துக் கடைக்கு இன்னும் ஆகல, அங்க போங்க." நானா சொன்னேன்?

ஒரு நிமிஷத்தில் கிழவி திரும்பி வந்தாள். "அந்த அம்மாவுக்கு விடியறப்பவே ஆயிடுச்சாம். உன்கிட்டயே வாங்கச் சொல்லுது."

காலையிலிருந்து பார்க்கிறேன், அந்த வாசலில் ஈகூட நுழையவில்லை.

எட்டிப் பார்த்துக் கேட்டேன். "பொய் சொல்ல எப்பக்கா கத்துக்கிட்டீங்க?"

சோப்பை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "இருபத்தாறு வருஷம் உன் எதிர்க்கடையில இருந்தேன்ல."

ஜாடியைச் சுற்றத் தாளில்லை. தோல்காவின் ஒப்பந்தம் இருந்தது. கனமான தாள், எண்ணெய் கசியாது.

மார்ச் 10

மெர்சினுக்குப் போன் போட்டு நாற்பது ஜாடி அனுப்பச் சொன்னேன். கையிருப்பில் மூன்றை வாசலுக்கு வெளியே வைத்தேன். லமியா அக்கா நாலு சோப்புப் பெட்டி வைத்தாள்.