வலது கேலரியின் முரசு

ஷியோமி துறைமுகம்,
ஜூன் மாதம், மழை விடாத ஒரு திங்கள்.

வலது கேலரியின் நிரந்தரத் தலைவர் இவாவோ அண்ணனுக்கு, மிசோபுச்சி தலைவணங்கி எழுதுவது.

இங்கே மழை பிடித்த பிடியை விடமாட்டேன் என்கிறது. துவைத்த துணியில் காளான் முளைக்காததுதான் பாக்கி. உங்கள் சப்போரோவில் மழைக்காலமே கிடையாதாமே! கொடுத்து வைத்தவர். முழங்கால் வலி தேவலையா? மகள் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? தொலைபேசியில் கேட்கலாம்தான். நீங்கள் "ம்" என்று ஒரு எழுத்தில் பதில் சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அந்த "ம்"முக்குத் தூரக் கட்டணம் கட்ட எனக்கு மனமில்லை. கடிதமென்றால் நான் பேசி முடிக்கும் வரை நீங்கள் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

முதலில் என் பதவி உயர்வைச் சொல்லிவிடுகிறேன். கிளப்பில் கூட்டம் சேர்க்கும் பிரிவில் நாற்காலி தேய்த்துக்கொண்டிருந்த நான் இப்போது நம் பேஸ்பால் அணியின் செல்லப்பிராணி. ஆமாம் தலைவரே, ஆக்டோபஸ் வேஷத்துக்குள் இப்போது இருப்பது நான்தான். உள்ளே இருந்த பையன் கல்யாணம் முடித்து ஒசாகா போய்விட்டான். அந்த உடுப்பில் என் தொப்பை அளவுக்குப் பொருந்தும் ஒரே ஆள் நான்தான் என்று ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். என் வீட்டுக்காரி கிகுயேயிடம் பெருமையாகச் சொன்னேன். "வீட்டுல ரெண்டு கையால ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டீங்க. எட்டுக் கையை வெச்சுக்கிட்டு என்னத்தைக் கிழிக்கப் போறீங்க?" என்றாள்.

இப்போது கவலைக்கு வருகிறேன். கேலரி காலி, தலைவரே. ஒரு காலத்தில் படகிலிருந்து இறங்கிய கையோடு, செதிலும் வாடையுமாக வந்து உட்காருவார்களே மீன்காரர்கள், அந்தப் படிகளில் இப்போது கடற்காகம் நடை பழகுகிறது. போன வாரம் ஒரு காகம் எங்கள் மூன்றாவது பேஸில் நின்றது. அந்த ஆட்டத்தில் எங்கள் தரப்பில் அங்கே வரை போனது அது ஒன்றுதான்.

அணியின் முதலாளியம்மா இசோகாய் அவர்களை மறந்திருக்க மாட்டீர்கள். கண்ணை மூடிக்கொண்டே ஆட்டம் பார்ப்பாரே, அவர்தான். வயதானாலும் வாய்க்கு வயதாகவில்லை. எங்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, "கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய ஊர்ல, அணியைக் குடுத்துருங்கன்னு கேக்குறாங்க. குடுக்க எனக்கு மனசில்ல. ஆனா ஆளில்லாத வீட்டுக்கு எத்தனை நாள்தான் விளக்கு போடுறது? சொந்த ஊர்ல கடைசி ஆட்டத்துக்கு நான் வருவேன். தலையெல்லாம் எண்ண மாட்டேன். வலது கேலரி பாடுதான்னு காதால கேப்பேன். பாடுச்சுன்னா அணி இங்க இருக்கும். இல்லேன்னா கப்பலேறும்," என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். என் தலை ஆக்டோபஸ் தலைக்குள் இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

கூட்டம் சேர்க்க டோக்கியோவிலிருந்து ஒரு விளம்பரக்காரரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். குசகாபே என்று பெயர். நல்ல பிள்ளைதான், கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டுதான் தூங்குவார் போலிருக்கிறது. முதல் யோசனை, வருகிறவர்களுக்கெல்லாம் இலவச ஆக்டோபஸ் கறி உருண்டை. வாசலில் சுடச்சுட உருண்டை. பக்கத்திலேயே கைகளை ஆட்டிக்கொண்டு நான். ஒரு சின்னப் பெண் உருண்டையையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், அவள் வாயில் இருந்ததையும் நினைத்துப் பார்த்தாள். பிறகு "இவங்க மாமாவத் தின்னுட்டேன்!" என்று ஊரே திரும்பிப் பார்க்கிறபடி அழுதாள். அத்தோடு அது நின்றது.

அடுத்து இலவசச் சீட்டு. வந்தார்கள் தலைவரே, குறை சொல்லக்கூடாது. வந்து, கோயிலில் பிரசங்கம் கேட்கிற மாதிரி கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். எந்த ஆட்டக்காரருக்கு எந்தப் பாட்டு, எப்போது எழுந்து நிற்க வேண்டும், எதிரணி மட்டை பிடிக்கும்போது வாயை மூடவேண்டும் என்பதெல்லாம் யார் சொல்லிக்கொடுப்பது? முரசு அடிக்க ஆளில்லை. ட்ரம்பெட் ஊத நான் இருக்கிறேன், ஆனால் புதுப் பல்செட்டு. ஒரு முறை ஊதிப் பார்த்தேன். முன்வரிசைப் பெண்மணி ஒருவர் பல்லை எடுத்து, துடைத்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

குசகாபேக்கு மூன்றாவது யோசனை வந்தது. நம் பழைய ரசிகர் சங்க அறையில் கிடந்த டேப்பைக் கண்டுபிடித்துவிட்டார். முரசு, ட்ரம்பெட், கூட்டம் எல்லாம் இருக்கிற அந்தப் பதிவுதான். உசாமி மட்டை பிடிக்க வரும்போது அதை ஒலிபெருக்கியில் போடுவதாக ஏற்பாடு.

உசாமிக்கு இது கடைசி வருடம். நாம் வரவேற்றபோது மீசை முளைக்காத பிள்ளை, இப்போது தலையில் முடியில்லாத பிள்ளை. சனிக்கிழமை அவர் வந்து நின்றார். பாட்டு கிளம்பியது. "உசாமி, உசாமி, சோறு ஆறிப்போகுது, அடிச்சுட்டுச் சுத்தி வா, சீக்கிரம் வீடு வந்து சேரு!" தோமோயே அண்ணி சோற்றுருண்டை பிடித்துக்கொண்டே கட்டிய பாட்டு. உசாமி முதல் பந்தையே வானத்துக்குத் தூக்கிக் கொடுத்தார். பிடித்துவிட்டார்கள். அவுட். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர் திரும்பி நடக்கிறார், ஒலிபெருக்கியோ "அடிச்சுட்டுச் சுத்தி வா" என்று விடாமல் பாடுகிறது! நாமாக இருந்தால் பந்து கையில் விழுந்த நொடியே முரசு நின்றிருக்கும். டேப்புக்கு என்ன தெரியும்? குசகாபே பொத்தானைத் தேடுகிறார், வேறு எதையோ அழுத்துகிறார், சத்தம் இன்னும் கூடுகிறது. கேலரி சிரித்தது தலைவரே. இந்த வருடம் முதன்முறையாக. உசாமியும் உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்து, பாட்டு முடியும் வரை நின்றார்.

அப்போதுதான் அது கேட்டது. பாட்டு முடிகிற இடத்தில், முரசுக்குப் பக்கத்திலிருந்து அண்ணியின் குரல். "ஏங்க, மெதுவா! மெதுவா அடிங்க! துரத்திக்கிட்டா வர்றாங்க?"

மைதானம் முழுக்கக் கேட்டது.

எனக்கு எட்டுக் கை இருந்தது. கண்ணைத் துடைக்க ஒன்றுகூடப் போதவில்லை.

இதை உங்களுக்கு எழுதலாமா என்று கிகுயேயிடம் கேட்டேன். "எழுதுங்க. எழுதாம இருந்தீங்கன்னா அண்ணி உங்களையும் திட்டுவாங்க," என்றாள். எழுதிவிட்டேன். கடைசி ஆட்டம் இலையுதிர் காலத்தில், குடும்பம் குடும்பமாகப் போய்க் கல்லறை கழுவும் வாரத்தில் வருகிறது. வந்து ஒரே ஒரு ஆட்டத்துக்கு முரசடித்துவிட்டுப் போங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். கிகுயே உலர்த்திய கணவாய் அனுப்பியிருக்கிறாள். என் உறவினர் யாரும் அதில் இல்லை என்று உறுதியளிக்கிறேன்.

என்றும் உங்கள் படையில்,
மிசோபுச்சி


ஷியோமி,
செப்டம்பர், வெயில் தணிந்த ஒரு காலை.

தலைவர் அவர்களுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. பழைய சங்க அங்கியில் சுற்றி, முரசுக் குச்சிகள் இரண்டும். கடிதம் இருக்கிறதா என்று அங்கியை உதறினேன், சட்டைப்பையைப் புரட்டினேன், அட்டைப்பெட்டியைப் பிரித்தே பார்த்தேன். ஒன்றுமில்லை. தொலைபேசியில் "ம்" என்பீர்களே, அது இந்த முறை கட்டை வடிவில் வந்திருக்கிறது என்று புரிந்துகொண்டேன். நீங்கள் வரவில்லை, எங்களில் யாராவது அடித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். சரிதானே?

சொல்லைத் தட்டக்கூடாது என்று அடித்துப் பார்த்தோம். முதலில் ஐஸ் தொழிற்சாலை ஓகுமா. கட்டுமஸ்தான ஆள், தோலைக் கிழித்துவிடுவாரோ என்று பயந்து நிறுத்தினோம். பிறகு நான், வேஷத்தோடு. ஒரு கை அடித்தால் ஏழு கை கூட வந்து முரசைத் தடவிக்கொடுக்கிறது. வேஷத்தைக் கழற்றிவிட்டு, தாளம் பிசகாமல், எண்ணி எண்ணி அடித்தேன். பாவம் உசாமி, பயிற்சியை நிறுத்திவிட்டு வேலி ஓரம் வந்து நின்றார். "மிசோபுச்சி அண்ணே, கோவிச்சுக்காதீங்க. தலைவர் அடிச்சா என் கால் தானா ஓடும். நீங்க அடிக்கிறதக் கேட்டா செருப்பைக் கழட்டிட்டுக் கும்பிடத் தோணுது," என்றார்.

உண்மைதான். நீங்கள் எப்போதுமே முந்தி ஓடுவீர்கள். அண்ணி பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பார். நாங்கள் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டே பாடுவோம். அதுதான் நம் பாட்டின் தாளம் என்று இத்தனை வருடம் கழித்துத்தான் எனக்கு உறைக்கிறது.

நினைவிருக்கிறதா, படகுத்துறைத் தலைவர் ஹோம் ரன் விழுந்தால் சங்கு ஊதுவாரே? ஒரு முறை ஆட்டம் இழுத்துக்கொண்டே போக, முடிவு தெரியாமல் புறப்பட மாட்டேன் என்று கடைசிப் படகையே நிறுத்தி வைத்தார். பயணிகள் சண்டைக்கு வருவார்கள் என்று பார்த்தால், எல்லோரும் மேல்தளத்தில் ஏறி நின்று நம் முரசுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். முரசு வேகமெடுத்தால் நம்மவர் அடிக்கிறார், அடங்கினால் அவுட். கண்ணால் பார்க்காமலே ஆட்டம் பார்த்தது அந்தத் துறைமுகம். முதலாளியம்மா கண்ணை மூடிக்கொள்ளக் கற்றுக்கொண்டது அங்கேதான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

குசகாபேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் டேப்பை மறுபடி போடவே இல்லை. ஒரு நாள் தனியாக வந்து, "அதுல ஒரு அம்மா யாரையோ திட்டுறாங்களே, யாரு?" என்றார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், என்னைத்தான் உங்களுக்குத் தெரியுமே. கழுத்துப்பட்டையைக் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, "இது ரசிகர்களோட பாட்டுன்னு நெனச்சேன். இது வீட்டுப் பேச்சு. ஒலிபெருக்கியில போட்டிருக்கக் கூடாது," என்று டேப்பை என் கையில் வைத்தார். என் மேசையில் பத்திரமாக இருக்கிறது. தபாலில் அனுப்பப் பயமாக இருக்கிறது. கேட்க வேண்டுமானால் இங்கே வந்துதான் கேட்க வேண்டும்.

அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டார். இலவசம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, பாட்டைச் சொல்லிக்கொடுக்க ஊருக்குள் இறங்கலாம் என்றார். இறங்கினோம். நான் வேஷத்தில், அவர் கழுத்துப்பட்டையில். பொதுக் குளியல் கூடத்தில் மட்டும் இரண்டுமில்லாமல். தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்துகொண்டு குசகாபே தொண்டையைக் கனைத்து "உசாமி, உசாமி" என்று ஆரம்பித்தார். கடவுளே, என்ன குரல்! சுடுதண்ணீர் ஆறிவிட்டது. மூலையில் நுரையோடு உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் தாங்க முடியாமல், "தம்பி, அப்படியில்லப்பா. சோறு ஆறிப்போகுதுன்னு சொல்றப்ப ஒரு ஏக்கம் வேணும். பசிச்சவன் மாதிரி பாடு," என்று எடுத்துக் கொடுத்தார். அடுத்தவர் சேர்ந்துகொண்டார். சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் பகுதியிலிருந்து மீதிப் பாட்டு வந்தது!

மீன் சந்தையிலும் அதே கதைதான். சொல்லிக்கொடுக்கப் போன இடத்திலெல்லாம் எங்களைத் திருத்தி அனுப்பினார்கள். ஏன் மைதானத்துக்கு வருவதில்லை என்று மீன் அரிகிற பெண்மணியிடம் கேட்டேன். கத்தியை நிறுத்தாமல், "முரசு சத்தம் கேட்டா வர்றதுதானே எங்க வழக்கம்? கேக்கல. சீசன் இன்னும் தொடங்கலியோன்னு இருந்துட்டோம்," என்றார். கேலிதான். ஆனால் உண்மையும்கூட.

ஆக, தலைவரே, தொண்டைகள் இருக்கின்றன. பாட்டு இருக்கிறது. படகுத்துறைத் தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார், மகன் சங்கு ஊதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். முதலாளியம்மா வரப்போகும் நாள், கல்லறை கழுவும் வாரத்தின் விடுமுறை நாளன்று, பகல் ஆட்டம். முதல் அடி ஒன்றுதான் இல்லை. அது விழாவிட்டால் அத்தனை பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த அம்மாள் கண்ணைத் திறந்து, எழுந்து, போய்விடுவார்.

நேற்று நானும் கிகுயேயும் கோயில் மேட்டுக்குப் போய் வந்தோம். அண்ணியின் கல்லைச் சுற்றிப் புல் வளர்ந்திருந்தது, பிடுங்கினோம். நான் பிடுங்கியதைவிட உட்கார்ந்திருந்ததே அதிகம் என்று ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. தண்ணீர் ஊற்றவில்லை. "அது அண்ணன் வந்து ஊத்தட்டும்," என்று கிகுயே வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். சிவப்பு லில்லி வேலியோரம் பூக்கத் தொடங்கியிருக்கிறது. அங்கிருந்து மைதானம் தெரியாது. ஆனால் சத்தம் ஏறி வரும். நேற்று இளைஞர்கள் வெறுமனே பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த டொக் டொக் கூட அவ்வளவு மேலே கேட்டது.

முழங்காலுக்காக நடுப்பகுதியில் படி குறைவான இடமாக ஒதுக்கியிருக்கிறோம். பக்கத்து இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. அங்கே சோற்றுருண்டைப் பாத்திரம் இருக்கும்.

அங்கியைத் துவைத்து, தேய்த்து, இங்கேயே வைத்துக்கொண்டேன். குச்சிகளை மட்டும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இந்த முறை அவற்றைத் தபாலில் போடாதீர்கள். கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

வந்து, உங்கள் இஷ்டம்போல வேகமாகவே அடியுங்கள், தலைவரே. மெதுவா, மெதுவா என்று கத்த இங்கே ஒரு கேலரி நிறைய ஆள் இருக்கிறோம்.

வழி பார்த்திருக்கும்,
மிசோபுச்சி