முழந்தாளிட்ட இருவரும் பாங்கொக் ராசாவும்

என்ரை ஆசை அண்ணைக்கு,

நீங்கள் போய் ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது. அரசாங்கத்தின் தடையால் இன்சுலின் இந்தப் பக்கம் வராமல் நின்ற மாதங்களில் போனீர்கள். அதைப் பற்றி இன்று கதைக்க மாட்டேன். நீங்கள் இருந்திருந்தால் என்னோடு விடிய விடிய வாதாடியிருக்கக்கூடிய ஒரு சங்கதி இருக்கிறது. தாய்லாந்து ராசாவின் சங்கதி.

நீங்கள் சமையல் வேலை பார்த்த கப்பல் பாங்கொக் துறைமுகத்தில் நின்றபோதுதானே அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்தது? வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னீர்கள். "ஒரு வெடிச்சத்தம் இல்லைப் பிள்ளை. ரெண்டொரு நாளிலை ராசா தளபதியளை ஏற்றுக்கொண்டார் எண்டு செய்தி வந்தது. அதோடை எல்லாம் சட்டப்படி சரி." ராசா ஏன் சம்மதித்தார் என்று துறைமுகக் கடைக்காரி ஒருத்தியிடம் கேட்டீர்களாம். அவள் சிரித்தபடியே வாயைப் பொத்திக் காட்டினாளாம். ராசாவைக் குறை சொன்னால் பிடித்து மறியலில் அடைப்பார்கள் என்று பிறகுதான் உங்களுக்கு விளங்கியதாம்.

நீங்கள் கண்மூடிக் கொஞ்ச நாளில், அதே தளபதிகளில் ஒருவர் தேர்தலில் நிற்காமலே பிரதமர் கதிரையில் ஏறிவிட்டார். சனம் தெருவில் இறங்கியது. இராணுவம் சுட்டது. எங்கள் பக்கத்து வீட்டுச் சம்மாட்டியாரை மறந்திருக்க மாட்டீர்கள், மூன்று வள்ளம் வைத்திருக்கிறவர். அவர் முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோ கேட்டோம். ராசா அந்தத் தளபதியையும் ஆர்ப்பாட்டத் தலைவரையும் கூப்பிட்டாராம். இரண்டு பேரும் அவர் முன்னால் நிலத்தில் முழந்தாளிட்டு இருந்தார்களாம். கலகம் அடங்கிவிட்டதாம்.

சம்மாட்டியார் தொடையில் தட்டினார். "பாத்தியளே! ஒரு சொல்லு. எங்களுக்கும் மேலை உப்பிடி ஒராள் இருந்தால் இவ்வளவு சனம் சாகுமே?"

எல்லோரும் "ஓம், ஓம்" என்றார்கள். எனக்கும் ஒரு கணம் கண் கலங்கியது, அண்ணை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்ப சுடத் தொடங்கின அண்டைக்கு அவர் எங்கை இருந்தவர்?"

"நல்லது நடந்தால் நல்லதெண்டு சொல்லப் பழகு, பிள்ளை" என்றார் அவர்.

சில நாள் கழித்து அடுத்த செய்தி வந்தது. அந்தக் கலகத்தில் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் பொதுமன்னிப்பு, ராசாவின் ஒப்பத்தோடு. சுட்டவருக்கும் மன்னிப்பு, சுடப்பட்டவருக்கும் மன்னிப்பு. அதன் பிறகுதான் தளபதி பதவி விலகினார். ராசா சண்டையை நிறுத்தினாரா, இல்லை, தன் தளபதிகளைக் காப்பாற்றினாரா? தெருவுக்குப் போய் வீடு திரும்பாத பிள்ளைகளின் தாய்மார் யாருக்கு முன்னால் முழந்தாளிடுவது?

இதெல்லாம் தூரத்து விசயம் என்று இருந்துவிடலாம். ஆனால் அந்த ராசா எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டார். ஒரு ஏஜென்சிக்காரன் ஸ்ரெல்லா மச்சாளிடம் வந்து, அவவையும் உங்கள் இரண்டு பேரின் மகள் ஜெனியையும் பாங்கொக் வழியாகக் கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்னான்.

"பயப்பிடாதேங்கோ அக்கா. உது ராசான்ரை நாடு. என்ன குழப்பம் வந்தாலும் அவர் ஒரு சொல்லிலை நிப்பாட்டிப் போடுவார். றேடியோவிலை கேட்டனியள்தானே?"

"பொலிஸ் இவவைப் பிடிச்சால் ராசா கூப்பிட்டுக் கதைப்பாரோ?" என்று கேட்டேன்.

அவன் மச்சாளைப் பார்த்தான். "இவ ஆர்?"

"இவரின்ரை தங்கச்சி."

"மச்சாள்மாரின்ரை பொறாமையோ? அப்ப சரி" என்று சிரித்துக்கொண்டு எழும்பிப் போனான். வந்த வழியை நான் கெடுத்துவிட்டேன் என்று மச்சாள் கன நாளாக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் பூசை முடிந்து வரும்போது, தானாகவே சொன்னா: "நான் அவனோடை போகேல்லை. இஞ்சையும் வாய் திறக்கேலாது. அங்கையும் திறக்கேலாதெண்டால், பிள்ளையோடை போய் ஆரிட்டை நியாயம் கேக்கிறது?"

சம்மாட்டியார் தன் மகன் றொபேட்டை அவனோடு அனுப்பினார். மாதக்கணக்காகப் பாங்கொக்கில் ஒரு பூட்டிய அறையில் இருந்திருக்கிறான். ஏஜென்சிக்காரன் காணாமல் போனான், பொலிஸ் வந்தது. மறியலில் கிடந்து, கொழும்புக்கு அனுப்பப்பட்டு, இரவில் வள்ளத்தில் கிளாலிக் கடல் கடந்து போன கிழமைதான் வந்து சேர்ந்தான். எலும்பும் தோலும். தகப்பனின் கட்டிலில் இருந்து மெதுவாகக் கதைத்தான்.

"மறியல் சுவரிலை ராசாவின்ரை படம். காவல்காரன் ஒவ்வொரு நாளும் அதைக் கும்பிட்டிட்டுத்தான் எங்களுக்குச் சோறு தருவான். நல்ல மனுசன். விடத்தான் அவனாலை ஏலாது."

சம்மாட்டியார் மகனின் தலையைத் தடவிக்கொண்டு, "உதெல்லாம் ராசாவுக்குத் தெரியாது, தம்பி. தெரிஞ்சிருந்தால் விட்டிருப்பார்" என்றார்.

அண்ணை, அந்தத் தகப்பனிடம் என்னத்தைச் சொல்ல? ஆனால் எனக்குச் சந்தேகம் கூடித்தான் போனது. நல்லது எல்லாம் அவர் செய்தது, கெட்டது எல்லாம் அவருக்குத் தெரியாமல் நடந்தது. அப்படி ஒருவரை உச்சியில் வைத்திருப்பது கீழே இருக்கிற தளபதிகளுக்கு எவ்வளவு வசதி! அவரும் அதை அறியாமலா இருக்கிறார்?

வீட்டுக்கு நடந்து வரும்போது மச்சாள் திடீரென்று நின்றுவிட்டா. "நீ சொன்னது சரியாப் போச்சு. சந்தோசமோ?"

"இல்லை மச்சாள்."

"எல்லாத்திலையும் சந்தேகப்படு. வேண்டாமெண்டு ஆர் சொன்னது? ஜெனிக்கு என்ன வழி? அதைச் சொல்லு."

அந்த நேரம் வானத்தில் பொம்பர் விமானச் சத்தம். ஜெனி பதுங்குகுழிக்கு ஓடப் பழகிவிட்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

மச்சாளின் கேள்விக்கு நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? இனி யார் எந்த ராசாவின் பேரைச் சொல்லி வந்தாலும் நான் கேள்வி கேட்பேன். ஆனால் கேட்டுவிட்டு வீட்டில் இருக்க மாட்டேன். நல்ல வழி ஒன்றைத் தேடி மச்சாளோடு நானும் அலைவேன். ஜெனி போகத்தான் வேண்டுமென்றால், அவள் ஏறும் வள்ளத்தில் முதலில் நான் ஏறியிருப்பேன்.

உங்களுக்குப் பின்னால் பிறந்த தங்கச்சி,
மேரி
கொழும்புத்துறை