விரதப் பட்டியலை ரத்துச் செய்கிறேன்

சின்ன காஞ்சிபுரம்
14-7-1969

1. இதை எழுதுபவன் ஸௌந்தரராஜன், வயது அறுபத்திரண்டு, ஓய்வுபெற்ற வக்கீல், உன் தகப்பன்.
2. உன் மனைவி ஹேமாம்புஜத்தின் மாமனாரும் நானே. இரண்டு உறவையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படி.

சிரஞ்சீவி வரதராஜனுக்கு, நானும் உன் அம்மாவும் சௌக்கியம். உன் மனைவி சௌக்கியம் என்று எழுத என் பேனா மறுக்கிறது. பிலாயிலிருந்து நீ மூன்றாம் தேதி எழுதிய கடிதம் கிடைத்தது. கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் குழந்தை இல்லை, ஆகவே விலகச் சம்மதம் என்று ஹேமாவிடம் ஒரு பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அவளைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிடும்படி கேட்டிருக்கிறாய். வக்கீலின் பதில்: குழந்தை இல்லாமை 1955ஆம் வருஷச் சட்டப்படி விவாகரத்துக்குக் காரணமாகாது, நீ கேட்கும் பத்திரம் அது எழுதப்படும் காகிதத்தின் விலைகூடப் பெறாது. தகப்பனின் பதிலைச் சொல்லுமுன் நடந்ததைச் சொல்ல வேண்டும். வரதர் சந்நிதியைப் பிரதட்சிணம் செய்ய வேண்டுமென்று சித்திரையில் அவளை இங்கே அனுப்பினாய். வந்தது முதல் மூன்று மாதமாக அவள் ஒருமுறைகூட மாதவிலக்காகி விலகி உட்காரவில்லை. உன் அம்மா அதை நல்ல சேதி என்று எண்ணி, பாயசம் வைத்து, பக்கத்து வீட்டு அலமுவிடமும் சொல்லிவிட்டாள். போன வியாழக்கிழமை லேடி டாக்டர் இந்திராணியிடம் மூவரும் போனோம். டாக்டர் பார்த்துவிட்டுக் கர்ப்பம் இல்லை என்றார். எடை போட்டார், முப்பத்தைந்து கிலோ. என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டதற்கு, உன் அம்மா பெருமையாகவே ஒப்பித்தாள்: ஏகாதசி இரண்டு, திருவோணம், ரோகிணி, வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம், சனிக்கிழமை ஒருவேளை. டாக்டர் அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் சார், வக்கீல் வூட்டுல அரிசிக்குப் பஞ்சமா? புள்ள வேணும்னு பட்டினி போட்டீங்களா? இருக்கிற உசுருக்கே சோறு பத்தலன்னு உடம்பு எல்லாத்தையும் நிறுத்திக்கினு இருக்குது." சோறு போட்டால் உடனே குழந்தை பிறக்குமென்று டாக்டர் உறுதி கூறவில்லை. ஆகவே நானும் கூறவில்லை. உடல் தேறினால் மாதவிலக்கு திரும்புவதற்கு இடமுண்டு, அதன் பிறகே மற்றதைப் பேசலாம் என்றார். அளவுக்கு மீறிப் பருத்தாலும் இதே தடை வரலாமாம், ஆகவே நெய்யை அள்ளி ஊற்ற வேண்டாமென்று உன் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பிலாயிலேயே விலக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்று ஆகிவிட்டிருந்ததாம். உனக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்கவில்லையா? எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, அவள் தனக்கு இலை போட்டுக்கொள்ளாததை நான்கு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தாயே. உன்னை மட்டும் குற்றவாளியாக்கி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. ஒவ்வொரு வருஷமும் பஞ்சாங்கத்தைப் பார்த்து, ஒரு தேதிகூடத் தவறாமல், அந்த விரத நாட்களைப் பட்டியல் எழுதி உங்களுக்குத் தபாலில் அனுப்பியவன் நான். கையெழுத்து என்னுடையது, மறுக்க வழியில்லை. பசித்ததை ஏன் சொல்லவில்லை என்று ஹேமாவை வீட்டுக்கு வந்து கேட்டேன். "பசிக்கறதுன்னு சொன்னா, இவளுக்குக் குழந்தை ஆசையே இல்லைன்னுடுவேளோன்னு பயமா இருந்ததுப்பா" என்றாள். அன்று ரசம் சாதத்தை இரண்டாம் முறை போட்டுக்கொள்ளவும் எங்கள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். அதன் பிறகும் பத்திரம் கேட்பாயானால் நீ என் பிள்ளை இல்லை. மேற்படி பட்டியல்கள் யாவும் இன்றுமுதல் ரத்து. டாக்டர் சொல்லும்வரை அவள் இங்கேயே இருப்பாள். திரும்பி வருவதும் வராததும் அவள் விருப்பம். நீ நீதிமன்றம் போவதானால், போ. அவள் பக்கம் வக்காலத்து நான் போடுவேன், ஓய்வுபெற்றேன் என்று பார்க்க மாட்டேன். முக்கியமாக ஒன்று: புருஷனையும் பரிசோதிக்க வேண்டுமென்று டாக்டர் சொன்னார். அங்கே ஆஸ்பத்திரியில் செய்துகொண்டு, முடிவை மறைக்காமல் எழுது. இதுவரை ஒருத்தியை மட்டுமே விசாரித்துத் தீர்ப்பு எழுதியிருக்கிறோம். பெருமாள் கிருபையால் உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம். இருவருக்கும் சேர்த்துத்தான், உனக்கென்று தனியாகப் பிரித்து அனுப்ப என்னிடம் இல்லை.

இப்படிக்கு,
(ஒப்பம்) ஸௌந்தரராஜன்

சாட்சிகள்:
1. ஜெயலக்ஷ்மி, உன் தாயார். படித்துக் காட்டக் கேட்டு, அழுதுவிட்டு, ஒப்பமிட்டாள்.
2. மாணிக்கவாசகம், என் பழைய குமாஸ்தா.