மாதா சாய்ந்து வந்த தெரு

என் தங்கையைக் கட்டிய குள்ளச் சக்கரவர்த்தி, என் அருமை அந்தோணி மாப்பிள்ளைக்கு,

அங்கன சௌக்கியமா? இங்கே கடையம் பக்கமெல்லாம் நல்ல சாரல். நீ கல்லறைக்குக் குடிபோன பிறகு வந்த முதல் மாதா திருவிழா நேற்று முடிந்தது. அடித்த மேளத்தில் குற்றாலத்து ஐந்தருவி ஆறாகப் பிரிந்து விழுந்ததாகத் தென்காசி பஸ் ஸ்டாண்டு வரை பேச்சு. கிளப்பிவிட்டவன் நான்தான்.

உன் இடம்தான் பெரிய கேள்வியாக இருந்தது. சப்பரத்தின் முன்தண்டில் வலப்பக்கம் பனைமரமாக நான், இடப்பக்கம் குட்டிப்பனை வடலியாக நீ. நாம் தூக்கிய காலமெல்லாம் மாதா இடப்பக்கம் சாய்ந்தேதான் வந்தாள். காரணம் உன் உயரம் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் இடது வரிசை வீட்டுக்காரர்கள், "மாதா குனிஞ்சுல்லா நம்ம வேண்டுதலக் கேக்குதா" என்று சொல்லி அதை வழக்கமாக்கிவிட்டார்கள். உன் வீடும் அந்த வரிசைதானே.

நேற்றுக் காலையில் என் தங்கை ரோஸி என்ன சொன்னாள் தெரியுமா? "அவுக இல்லாம மாதா நம்ம வீட்டுப் பக்கம் எப்படிண்ணே சாய்வா? நான் கதவத் தொறக்க மாட்டேன்." உலகையே பேசி மடக்கும் நான், சப்பரத்துக்கு நேரமாச்சு என்று நழுவிவிட்டேன்.

உன் இடத்தில், லீவில் வந்த ராணுவக்காரன் ஒருவனை நிறுத்தினார்கள். வானத்துக்கு முட்டுக்கொடுக்கிற உயரம். சப்பரம் கரண்டுக் கம்பம் மாதிரி நிமிர்ந்துவிட்டது. முதல் வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள்: "என்ன அண்ணாச்சி, மாதா எங்களப் பாக்காமலே போவுதா?"

முன்னால் கோலாட்டம் ஆடிக்கொண்டிருந்த உன் மகள் பிலோமி காதில் அது விழுந்தது. கோல்களைப் பக்கத்தில் ஆடியவளிடம் கொடுத்துவிட்டு நேரே வந்தாள். "தள்ளுங்கண்ணே. இது எங்கப்பா எடம்." அவள் உயரமும் உன் உயரம்தான், பாவம்.

கமிட்டிப் பெரியவர் குறுக்கே வந்தார். "பொம்பளப்புள்ள சப்பரம் தூக்கலாமா?"

"மேல இருக்கது மட்டும் ஆம்பளையா, வே?" என்றேன்.

ஃபாதர் வானத்தைப் பார்த்து இருமினார். பெரியவர் வழிவிட்டார். பிலோமி தோள் கொடுத்தாள்.

மாதா சாய்ந்தாள், மாப்பிள்ளை. கோலாட்டப் பிள்ளைகள் போட்ட அடியில் பூமி கடனாநதி வரை குலுங்கியிருக்கும். எனக்கோ கண் முழுக்கச் சாரல். அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் வீட்டு வாசலில் மாதாவின் மாலை ஓட்டுக்கூரையை உரசியது. கதவு திறந்தது. ரோஸி மாதாவைப் பார்க்கவே இல்லை. "ஏட்டி, துண்டு போடாமலா தூக்குத? தோள் உரிஞ்சிரும்லா" என்று உன் பச்சைத் துண்டை எடுத்து வந்து, மகள் தோளில் மடித்து வைத்தாள். பிறகு மெழுகுதிரி ஏற்றிக்கொண்டு, தெருக் கடைசி வரை கூடவே நடந்தாள். அந்தத் துண்டை அவள் துவைக்காமல் வைத்திருந்தது உனக்குத் தெரியுமா?

ஒரு வாக்குத் தருகிறேன். எனக்கு வயசாகுது, முதுகு வளையத் தொடங்கிவிட்டது. இனி வரும் வருஷங்களில் குதிகாலைத் தூக்கியாவது நடப்பேன். உன் வீட்டுப் பக்கம் மாதாவின் சாய்வு ஒரு விரற்கடைகூடக் குறையாது.

சப்பரத்தின் உயரமான பக்கத்திலிருந்து,
உன் மச்சான்,
பிலோமியின் தாய்மாமன்.