ஜெனோவாவில் நீ தொலைந்து போகவில்லை

இன்று மாலை லிங்கராஜபுரத்தில், நம் மாதா கோயில் ஹாலில், உனக்காக நினைவு ஜெபம். மேசைமேல் மாலை போட்டு வைத்திருந்த உன் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெனோவாவில் டூர் பஸ் பக்கத்தில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து உன் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கியிருந்தார்கள். "பாவம், எவ்ளோ டயர்டா இருக்காங்க பாருங்க" என்றாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். களைப்பாம். கோபத்தில் இறுகிய முகம் அது. உன்னை ஒட்டி நின்றவள் நான், எனக்குத் தெரியாதா?

ஜெபம் முடிந்து டீ கொடுக்கும்போது, நம்மை அந்த யாத்திரைக்கு அழைத்துப் போன டூர் மேனேஜர் எழுந்து உன்னைப் பற்றி நாலு வார்த்தை பேசினார். "ஆன்ட்டி இத்தாலில ஒரு நாள் தொலைஞ்சே போயிட்டாங்க. நாங்க எல்லாம் பஸ்ல ஒக்காந்து ஜெபமாலை சொன்னோம், அப்புறம்தான் கெடைச்சாங்க" என்றார். ஹாலே சிரித்தது. உன் மகளும் சிரித்தாள். அவளிடம் நீ எதையும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரே ஷிப்டில் இருந்த காலத்தில்தான் உன் தம்பி அருள்தாஸ் இறந்துபோனான். கப்பலில் இன்ஜின் அறை வேலை. ஜெனோவா துறைமுகத்தில் இறக்கியபோதே காய்ச்சல் முற்றிவிட்டது என்றார்கள் கப்பல் கம்பெனிக்காரர்கள், அங்கேயே அடக்கமும் செய்துவிட்டோம் என்றார்கள். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பெயரை நீ என்னிடம் மட்டும்தான் சொல்வாய். வயதான பிறகு யாத்திரைக்குப் பெயர் கொடுத்தபோது எல்லோரும் ரோமையும் பதுவையையும் பற்றிப் பேசினார்கள். உன் விரல் மட்டும் பயண அட்டவணையில் 'ஜெனோவாவில் ஒரு நாள்' என்ற இடத்தில் நின்றது.

அந்த நாள் காலையில் ஹோட்டல் வாசலில் மேனேஜரிடம் கேட்டாய். "என் தம்பிய இங்கதான் பொதைச்சிருக்காங்க. கல்லறைக்குப் போய்ட்டு வரணும்."

"இன்னைக்கு எல்லாரும் மீன் காட்சிசாலைக்குப் போறோம் ஆன்ட்டி. தனியா எல்லாம் விட முடியாது. ஒண்ணு பண்ணலாம், பஸ்ல சேர்ந்து அவருக்கு ஒரு ஜெபம் சொல்லிடலாம்."

நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தாய்.

ஆட்டோ நுழைய முடியாத சந்துகள். இரண்டு பக்கமும் ஆறு மாடிக் கட்டடங்கள், நடுவே கயிற்றில் துணி காய்ந்தது. ஒரு கடையில் எண்ணெய் ஊறிய ரொட்டி அடுப்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. நான் நின்று பார்த்தேன். "ஊரு அழகாத்தான் இருக்குது. அதுக்கு நான் என்ன பண்றது, வாடி" என்றாய். ஒரு காய்கறிக் கடையில் பங்களாதேஷ்காரர் நிற்பதைப் பார்த்துவிட்டு, நம் பெங்களூர் உருதுவில், "கப்ரஸ்தான் கிதர் ஹை பாய்?" என்று கல்லறைத் தோட்டத்துக்கு வழி கேட்டாய். அவர் கடையைப் போட்டுவிட்டு வந்து நம்மை பஸ் ஏற்றி, டிரைவரிடம் இறக்க வேண்டிய இடத்தையும் சொல்லிவிட்டுப் போனார். பஸ் மேட்டில் திரும்பியபோது கீழே கடலும் சரக்குக் கப்பல்களும் தெரிந்தன. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய்.

கல்லறைத் தோட்ட ஆபீஸில் இருந்த பெண் கணினியில் பெயரைத் தேடினாள். பிறகு போனில் ஆங்கிலத்தில் மாற்றிக் காட்டினாள். குழிக்கு உண்டான வருடங்கள் முடிந்துவிட்டன. உறவினர் யாரும் வரவில்லை. எலும்புகளை எடுத்துப் பொது அறையில் சேர்த்தாகிவிட்டது.

நடு வரியை நீ திரும்பத் திரும்ப வாசித்தாய். பிறகு அவளைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டாய்: "வரலையா? யாரு எங்களக் கூப்ட்டாங்க? ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்தவ நான். எனக்கு ஒரு போன் பண்ண இங்க ஆளில்லையா?"

அவளுக்கு ஒரு சொல் புரிந்திருக்காது. ஆனாலும் எழுந்து, நம்மோடு வெகுதூரம் நடந்து வந்து அந்தப் பொது அறையின் சுவரைக் காட்டினாள். அதில் எந்தப் பெயரும் இல்லை. நீ உள்ளங்கையை அதன்மேல் வைத்து, எக்ஸ்சேஞ்சில் பேசுகிற அதே தெளிவான குரலில் சொன்னாய்: "அருள்தாஸ். லிங்கராஜபுரம். அக்கா வந்திருக்கேன்."

திரும்பி வர மாலையாகிவிட்டது. மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்தினார். "வழி தெரியாம எதுக்கு ஆன்ட்டி போறீங்க?"

"தெரிஞ்சுதான் போனேன். நீதான் வரல" என்றாய். அதற்குப் பிறகுதான் எல்லாரையும் நிற்க வைத்து அந்தப் போட்டோ எடுத்தார்கள்.

இன்று என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன். "அவ தொலையல. தம்பி கல்லறையத் தேடிப் போனா" என்று ஆரம்பித்து, அந்தச் சுவர் வரைக்கும் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியாதே ஆன்ட்டி" என்றார் மேனேஜர்.

"தெரியும். ஹோட்டல் வாசல்ல அவ சொன்னா. பஸ்ல ஜெபம் சொல்லிக்கலாம்னீங்க."

அவர் டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

உன் மகள்தான் என்னை வெளியே அழைத்து வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எந்த பஸ் ஆன்ட்டி? எங்க எறங்கணும்? சொவரு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். அவள் தலை ஆட்டும்வரை திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

உன் கோபம் இப்போது என்னிடம் இருக்கிறது. அது ஆறவில்லை; ஆற விடவும் எனக்கு மனமில்லை. நீ போன பிறகு அந்தச் சுவருக்கு வழி தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று பயந்துகொண்டிருந்தேன். இனி பயமில்லை. இப்போது நாங்கள் இரண்டு பேர்.