கூடுதலாய் ஓர் எலும்பு

மட்டாஞ்சேரி

ரோஜா அப்பாவுக்கு,

இசக்கிசெல்வி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம், மழைதான் விட்டபாடில்லை. போனில் நான் வாயைத் திறப்பதற்குள் கத்திவிட்டு வைத்துவிடுகிறீர்கள். அதனால் மஸ்கட் திரும்புகிற யூசுப் அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். இதையாவது முழுசாகப் படியுங்கள்.

பந்து விளையாடித்தான் காலைக் கெடுத்துக்கொண்டாள், இனி மைதானம் பக்கமே போகக்கூடாது என்றீர்கள். அன்றிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. ஸ்கூல் டீமில் பேர் வந்த சந்தோஷமெல்லாம் போச்சு.

பாதத்தின் உள்பக்கம் முட்டிக்கொண்டு நின்றதைச் சுளுக்கு என்றே நினைத்தோம். இரட்டைப்பிள்ளை பெற்ற கை பட்டால் சுளுக்கு ஓடிவிடுமே என்று எதிர்வீட்டு நீலாம்பாள் அக்காவைக் கூப்பிட்டேன். அவளும் தினமும் விளக்கெண்ணெய் போட்டு அழுத்தி அழுத்தி நீவினாள். ரோஜா அலறினால், சுளுக்கு இறங்குதுடி, பொறுத்துக்கோ என்பாள். வீக்கம்தான் கூடியது.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரே பார்த்த மலையாளத்து டாக்டரம்மா, இது சுளுக்கே இல்லை கேட்டோ, பாதத்தில் கூடுதலாய் ஒரு சின்ன எலும்பு, பிறவியிலேயே உள்ளது என்றார். நிறையப் பேருக்கு உண்டாம். பலருக்கு வலிக்கவே வலிக்காதாம், சிலருக்கு வளர்கிற வயதில் படுத்துமாம். எண்ணெய் போட்டு அழுத்தவே கூடாது, கொஞ்சநாள் ஓய்வு, ஷூவுக்குள் பாதத்தைத் தாங்குகிற மெத்தை. வலி அடங்கியதும் விளையாடலாம், பேடிக்கேண்டா, பயப்பட ஒன்றுமில்லை என்றார். எலும்பையா நான் இத்தனை நாள் நீவினேன் என்று நீலாம்பாள் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

இப்போது வீக்கம் வற்றிவிட்டது. நேற்று படகுத்துறைவரை நொண்டாமல் நடந்தாள். அடுத்த மாதம் மெல்ல ஓடிப் பார்க்கலாமாம்.

இன்னொன்று. இது குடும்பத்தில் வருவதும் உண்டாம், அப்பா அம்மாவுக்கு இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டார். என் காலில் ஒன்றுமில்லை. அப்போதுதான் உங்கள் பாதம் நினைவுக்கு வந்தது. அதே இடம், அதே முட்டு! கட்டட வேலையில் சாரம் ஏறி ஏறி வந்தது என்பீர்களே. லீவில் வரும்போதெல்லாம் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, ஒன்றுமில்லை போ என்று என்னை விரட்டுவீர்கள். மகளுக்கு வலித்தால் ஊரைக் கூட்டுகிறவருக்குத் தனக்கு வலித்தால் மட்டும் வாய் வராதோ? எனக்கு அழுகை வந்துவிட்டது.

அங்கே ஒரு டாக்டரிடம் காலைக் காட்டுங்கள், எனக்காக. அடுத்த தடவை போனை ரோஜாவிடம் கொடுக்கிறேன். உன் காலும் என் காலும் ஒன்றுதான், நீ விளையாடு என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். டாக்டர் சொல்லியும் அவள் நம்பவில்லை, அப்பா சொல்லட்டும் என்று காத்திருக்கிறாள்.

இசக்கியம்மன் துணையிருப்பாள். பார்த்து நடங்கள்.

உங்கள்,
இசக்கிசெல்வி